மூப்பறியார் கழகத்தில் முதலிடம்

“பிரேக்... பிரேக்... பிரேக்குங்க!”

சத்தியசீலன் மிதித்தார். பழைய கன்சில் காடி ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது. அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் மஞ்சளாக ஏதோ நகர்ந்து போனது.

“என்னா அது, வாழைத்தாரு லோரியா?”

“ஸ்கூல் பஸ்ஸு. உள்ள இருக்கிற பிள்ளைங்க எல்லாம் டாட்டா காட்டுதுங்க. நீங்களும் காட்டுங்க,” என்றாள் யோகேஸ்வரி.

காட்டினார். பஸ் போய் வெகுநேரம் ஆன பிறகும் காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். தோட்டத்துச் செம்மண் பாதையில், கொட்டுகிற மழையில் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இப்போது அறுபத்தெட்டு வயதில் இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண்ணுக்கு உலகம் பனிமூட்டம். இடக்கண்ணுக்கு அதுவும் தெரியாது.

யோகேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கரங்கானிலிருந்து கூலிமுக்கு டயாலிசிஸ். அவர்கள் இருக்கிற தோட்டத்துப் பக்கம் வாடகைக் காடி வராது. ஒரே மகன் தூரத்து ஜொகூரில். ஆகவே சத்தியசீலன் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். யோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வாள். “இடது பக்கம் மோட்டர்... முன்னால குழி... சிக்னல் சிவப்பு... பச்சையாயிருச்சி, போங்க.” போகும்போது சமாளித்துவிடலாம். திரும்பும்போதுதான் கண்டம். ஊசி போட்ட களைப்பில் பாதி வழியில் அவள் தூங்கிவிடுவாள்.

கவர்மண்ட் ஆஸ்பத்திரியில் கண் அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். பதினொரு மாதம் கழித்து. அதற்குள் அந்தச் சாலையில் நூற்று நாற்பது தடவை போய்வர வேண்டும்.

“பதினோரு மாசம் நான் இருக்கணும், நீங்க இருக்கணும், அந்த ஸ்கூல் பஸ்ஸும் இருக்கணும்,” என்றாள் யோகேஸ்வரி.

அப்போதுதான் டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் அந்த வழியைச் சொன்னாள். கரங்கானில் ஒரு கழகம் இருக்கிறது. வருடத்துக்குப் பத்துப் பேருக்கு ஒரு தனியார் கண் மருத்துவமனையில் இலவச அறுவை ஏற்பாடு செய்கிறார்கள்.

கழகத்தின் பெயர் மூப்பறியார் நலக் கழகம்.

*

அது கடைவீட்டு வரிசையில் மூன்றாவது மாடியில் இருந்தது. நாற்பத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. கைப்பிடிக் கம்பி இருந்தது. அதைத் தொட்டால் இரண்டு புள்ளி குறையும் என்று பக்கத்திலேயே பலகை தொங்கியது. சத்தியசீலனுக்குப் பலகை தெரியவில்லை. கம்பியைப் பிடித்தே ஏறினார். உறுப்பினர் ஆவதற்கு முன்பே அவர் கணக்கு மைனஸ் இரண்டில் தொடங்கியது.

“வாங்க தம்பி,” என்றது ஒரு பெண் குரல்.

திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

“உங்களைத்தான் தம்பி. நான் நளினி, கழகத்தோட மலர்ச்சி அதிகாரி.” குரலுக்கு முப்பது வயது மதிக்கலாம். “இங்க அங்கிள், ஐயா, தாத்தா எல்லாம் கெடையாது. உறுப்பினர்னா தம்பி, இல்ல தங்கச்சி. உள்விதி நாலு.”

“நல்லதும்மா. கண்ணு விசயமா வந்தேன்...”

“பாரத்தைப் படிக்கிறேன். உடல்நலம் எப்படி? மூனு பதில் இருக்கு. நன்று. மிக நன்று. வருணிக்க வார்த்தையில்லை.”

“கண்ணு ரெண்டும் தெரியலம்மா.”

“அப்ப ‘நன்று’ போட்டுக்கிறேன்.” டேப்லெட்டில் தட்டினாள். “அடுத்தது. கண்ணுல குறை இருக்கா? ஆமாம்னு சொன்னா எதிர்மறை எண்ணம், இருபது புள்ளி போயிரும். இருபது புள்ளி போனா ஆப்பரேசன் பட்டியல்ல பேரு வராது.”

“இல்லன்னு சொன்னா?”

“இல்லன்னு சொன்னா பட்டியல்ல வரும்.”

சத்தியசீலன் யோசித்தார். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ சாலைத் தடுப்பில் எத்தனையோ போலீஸ்காரர் கேள்விக்குப் பதில் சொன்னவர்தான். இப்படி ஒரு தடுப்பைப் பார்த்ததில்லை.

“கண்ணு பளிச்சுனு தெரியுதும்மா,” என்றார், சுவரைப் பார்த்து.

“வெரி குட் தம்பி. நான் இந்தப் பக்கம் இருக்கேன்.”

விதிகளை அவளே வாசித்தாள். ‘வலி’ என்று சொன்னால் ஐந்து புள்ளி வெட்டு. ‘வயசு’ ஐந்து. ‘ஐயோ’ ஏழு. உட்காரும்போது ‘அம்மாடி’ என்றால் இரண்டு. சாவுச் செய்தி எதுவானாலும் இருபது. தினமும் காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்; கூப்பிட்டதும் ‘அற்புதம்!’ என்று சொன்னால் பத்துப் புள்ளி ஏறும். ஆண்டு விழாவன்று முதல் பத்து இடத்தில் இருப்பவர்களுக்கு அறுவை. ஆளுக்கு ஒரு கண்தான்.

“இன்னொரு கண்ணு?”

“அது அடுத்த வருஷம் தம்பி. உங்க மலர்ச்சியைப் பொறுத்து.”

*

பெயர் கூப்பிடும் சடங்குக்குக் கழகம் வைத்திருந்த பெயர் ‘வைகறை மலர்ச்சி’. வந்தவர்கள் எல்லாம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள். அவர்களுக்கு அது பெரட்டுதான். விடிவதற்குள் வரிசையாக நிற்பதும், கிராணி பெயர் படிப்பதும், குரல் கொடுப்பதும் நாற்பது வருடம் செய்த வேலை. கிராணியின் இடத்தில் இப்போது நளினி. மொத்தம் எண்பத்தாறு பெயர்.

“அழகம்மா!” “அற்புதம்!”

“புவனேசன்!” “அற்புதம்!”

“ராமையா!” “அற்ப்புதம்!”

அந்த ராமையாவின் குரலில் தனி மிடுக்கு. சத்தியசீலனுக்குத் தெரிந்ததெல்லாம் கூடம் முழுக்க வெளிறிய நிழல்கள்தான். அவற்றில் எது ராமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வாரா வாரம் சுவரில் ஒட்டிப் படிக்கப்படும் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம். ஒரு புள்ளிகூட வெட்டு விழாத ஒரே உறுப்பினர்.

பெரட்டுக்குப் பிறகு சிரிப்புப் பயிற்சி. இருபது நிமிடம் காரணமில்லாமல் சிரிக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சியின் நடுவில் புவனேசன் கண் சொருகிச் சாய்ந்தார். இனிப்பு நீர்க்காரர், ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. நாலு பேர் தூக்கிப் போய் வாயில் சீனி போட்டார்கள். நளினி அறிக்கையில் ‘ஆழ்ந்த தளர்வு நிலை’ என்று எழுதிப் பத்துப் புள்ளி கொடுத்தாள். மறுநாள் இரண்டு பேர் பசியாறாமல் வெறும் வயிற்றோடு வந்தார்கள்.

சிரிப்புக்குப் பிறகு கண்ணாடிப் பயிற்சி. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று ‘நான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறேன்’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சத்தியசீலன் பல நாள் அதைக் கதவிடம் சொல்லிவிட்டு வந்தார். கதவு நல்ல கதவு, புள்ளி விழுந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை கழகத் தலைவர் டத்தோ அழகேசன் வருவார். அவரை மட்டும் இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் ஏற்றிவிடுவார்கள்.

“அன்பான சிறுவர்களே, சிறுமியரே!” என்பார். “நோய்ங்கிறது என்னா? அது ஒரு அபிப்பிராயம்! முட்டி தேயுதுன்னு நெனைச்சா தேயும். நெனைக்காட்டி, தேயுறது உங்களுக்குத் தெரியவே தெரியாது! என்னைப் பாருங்க. எழுபத்தொன்னு ஆவுது. எப்படி இருக்கேன்? நல்ல எண்ணம்! பினாங்குல எனக்கு நாலு ஸ்பெசலிஸ்ட். நாலு பேரும் அசந்து போறாங்க. போன வருஷம் நெஞ்சுல மூனு ஸ்டென்ட் வெச்சாங்க. வெக்கிறப்ப நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாத்திச்சி. ஸ்டென்ட் சும்மா துணைக்கு! உங்களுக்கு அந்த ஸ்டென்ட் செலவுகூட வேணாம். சிரிப்பு மட்டும் போதும். அதைத்தான் நான் உங்களுக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சிருக்கேன்.”

கைதட்டல். பிறகு குரலைத் தாழ்த்துவார். “இன்னொரு பெருமை. நம்ம கழகத்துல நாலு வருஷமா ஒரு இறப்பு கூட இல்ல. கெடா மாநிலத்துல வேற எந்தச் சங்கமாவது சொல்லட்டும், பாப்போம்!”

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நாலு வருடத்துக்கு முன் நடந்த பொதுக்கூட்டத்தில், உறுப்பினர் விலகும் காரணங்களில் இருந்து ‘இறப்பு’ ஏகமனதாக நீக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்த காரணங்கள் இரண்டு: இடமாற்றம், வேலைப்பளு. இரண்டுக்கும் உறுப்பினரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

*

வீட்டுக்கு வந்ததும் யோகேஸ்வரி கேட்பாள். “இன்னைக்கு என்னா புள்ள படிச்சீங்க?”

“சிரிச்சேன்.”

“என்னாத்துக்கு?”

“அதைக் கேக்கக் கூடாதாம்.”

அவள் சிரித்தாள். ஊசி குத்திக் குத்தி இடக்கை கயிறு கயிறாகப் புடைத்திருந்தாலும் அவளுக்குச் சிரிப்பு வர யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. டயாலிசிஸ் நர்சுகளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தாள். மிஷினுக்கு ‘மாமியார்’ என்று பெயர். ஆனால் ஊசி இறங்கும்போது மட்டும் நிலையமே அதிர ‘ஐயோ’ என்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்த ஜோக் வரும்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அந்தக் கை வீங்கிவிட்டது. சத்தியசீலன் இரவெல்லாம் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார்.

“என்னா தம்பி லேட்டு?” என்றாள் நளினி.

“வீட்டுக்காரிக்குக் கை வலிம்மா...”

டேப்லெட் ‘டிங்’ என்றது. ஐந்து புள்ளி.

“எனக்கு இல்லம்மா, அவளுக்குத்தான்...”

“யாரோட வலியா இருந்தாலும் வாயி உங்களோடது தம்பி.”

இறுதிப் பட்டியல் வந்தது. முதலிடம் ராமையா. பத்தாவது இடம் தொள்ளாயிரம் புள்ளி. பதினோராவது, சத்தியசீலன். எண்ணூற்றுத் தொண்ணூற்று ஏழு.

மூன்று புள்ளி!

*

“மனசை விடாத தம்பி,” என்றார் மணியம். எழுபத்திரண்டு வயதுக்காரர், பெரட்டில் தினமும் சத்தியசீலனின் வலப்பக்கம் நிற்பவர்.

“இல்ல மணியண்ணே. அந்த ராமையா ராசிக்காரரு. ஆளை ஒரு தடவை காட்டுங்க. காலைப் பிடிச்சாவது கேட்டுப் பாக்கிறேன், அவரு கண்ணை எனக்குக் கொடுப்பாரான்னு.”

மணியம் அக்கம்பக்கம் பார்த்தார். அவரை இழுத்துக்கொண்டு படி இறங்கி, சாலையைத் தாண்டி, மஜீத் சாப்பாட்டுக் கடையில் ஒரு மூலை மேசைக்குப் போய், இரண்டு தே தாரிக் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அவன் செத்து அஞ்சு மாசமாவுது தம்பி.”

சத்தியசீலனுக்குத் தேநீர் புரையேறியது. “நேத்து காலையில குரல் கொடுத்தாரே!”

“நான்தான் கொடுத்தேன்.” மணியம் கிளாஸைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். “தோட்டத்துல பெரட்டுல ஆளு இல்லன்னா அன்னைக்குப் பேரு விழாது, சம்பளம் போச்சி. அவன் காய்ச்சல்ல கெடந்தா நான் அவனுக்குக் குரல் கொடுத்துட்டு அவன் பால்மர நெரையையும் சேத்து வெட்டுவேன். எனக்கு அவன் செய்வான். நாப்பது வருஷம். அவனை எரிச்சிட்டு வந்த மறுநாளு, அந்தப் பொண்ணு ‘ராமையா’ன்னுச்சி. என் வாயி தானா ‘அற்புதம்’னுருச்சி. அப்புறம் எப்படி நிறுத்துறது? மாசா மாசம் ஓட்ஸு, மைலோ, பால்மாவு கொடுக்கிறாங்க. அதைப் பிரேமாவதி வீட்டுல வெச்சிட்டு வந்துர்றேன். அவன் சம்சாரம்.”

“வேற யாருக்கும் தெரியாதா?”

“எல்லாருமே சுடுகாட்டுக்கு வந்தவங்கதான்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?”

மணியம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “இருபது புள்ளி தம்பி.”

சத்தியசீலன் கணக்குப் போட்டார். ராமையா இறந்தவர் என்று சொன்னால் ஓர் இடம் காலியாகும். பதினோராவது ஆள் மேலே ஏறுவார். ஆனால் சொன்ன வாய்க்கு இருபது வெட்டு. எண்ணூற்று எழுபத்தேழு. பதினான்காம் இடம். உண்மையைச் சொல்லி வேறு யாருக்கோ கண் வாங்கிக் கொடுக்கலாம். தனக்கு வாங்க முடியாது.

*

ஆண்டு விழா கரங்கான் மண்டபத்தில். மேடையில் மாநில அரசிலிருந்து வந்த ஒரு பிரமுகர். கையில் ‘இறப்பில்லா நான்காண்டு’ கேடயம். பக்கத்தில் கண் மருத்துவமனையிலிருந்து வந்த டாக்டர் ஷம்சியா. போன வருடம் கழகம் அனுப்பிய பத்துப் பேரையும் அவர்தான் சோதித்தார். பத்துப் பேருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, படம் எடுத்து, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

“இந்த ஆண்டின் தலைசிறந்த மூப்பறியார்,” டத்தோ மைக்கைப் பிடித்தார், “ஒரு நாள் தவறாமல் வந்தவர், ஒரு குறையும் சொல்லாதவர்... தம்பி ராமையா!”

மண்டபம் மூச்சைப் பிடித்தது.

ஒரு வினாடி. இரண்டு வினாடி.

“அற்ப்புதம்!” என்றது மணியத்தின் வாய்.

சொன்ன பிறகுதான் மணியத்துக்கே உறைத்தது. முகம் வெளுத்தார்.

“மேடைக்கு வாங்க தம்பி! ஏன் வெக்கம்?”

மணியத்தின் முழங்கை சத்தியசீலனின் விலாவில் இடித்தது. “நீ போ.”

“நானா?”

“அவனுக்கு வெச்ச கண்ணு. அவனுக்கு இனிமே எதுக்கு? போ லா!”

சத்தியசீலனுக்கு மேடை தெரியவில்லை. யோகேஸ்வரி தூங்கிவிட்ட சாலைதான் தெரிந்தது. எழுந்து நடந்தார்.

டத்தோ அவரைக் கட்டிப் பிடித்து மாலை போட்டார். “எனக்கும் ராமையாவுக்கும் இருபது வருஷப் பழக்கம்! நேத்துகூட போன்ல மணிக்கணக்கா பேசினோம்! தெம்புன்னா தெம்பு!”

டாக்டர் ஷம்சியா மாலைக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். “இது எத்தனை விரல் அங்கிள்?”

“விரலு எங்கேம்மா?”

டாக்டரின் முகம் மலர்ந்தது. “டத்தோ! இவருக்கு நெசமாவே புரை! ரெண்டு கண்ணும் முத்திருச்சி. அடுத்த திங்களே வரட்டும். ஐசி கொடுங்க அங்கிள், பேரு எழுதிக்கிறேன்.”

அடையாள அட்டையைக் கொடுத்தார். டாக்டர் வாசித்தார். “சத்தியசீலன்...? ராமையான்னு சொன்னீங்க?”

நளினி ஓடி வந்து டத்தோவின் காதில் எதையோ சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் ‘அஞ்சு மாசம்’ என்பது மட்டும் மண்டபத்துக்குக் கேட்டது. டத்தோ முதலில் கேடயத்தைப் பார்த்தார். பிறகு பிரமுகரை. பிறகு மறுபடி கேடயத்தை. நெஞ்சைத் தடவிக்கொண்டார், அந்த மூன்று ஸ்டென்டும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல.

“அப்ப ராமையா எங்க?” என்றார் பிரமுகர்.

உறுப்பினர் வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இருபது புள்ளி.

“சொல்லுங்க தம்பி,” என்றார் டத்தோ. குரலில் கெஞ்சல்.

சத்தியசீலன் மெல்லச் சொன்னார். “அவரு இருக்கிற எடத்துல அவருக்கு ஒரு குறையும் இல்ல டத்தோ. கண்ணு அவருக்கு வேணாம்.”

அவ்வளவு போதும். டத்தோ மைக்கைப் பறித்தார். “கேட்டீங்களா! ராமையா தன்னோட கண்ணையே நண்பனுக்கு விட்டுக்கொடுத்துட்டாரு! மேடைக்கு வந்து பேரு வாங்கிக்கக்கூட அவருக்கு விருப்பமில்ல! இதுதான் மூப்பறியார்!”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேடயத்தைக் கொடுத்தார். தியாகத்துக்காக ராமையா கணக்கில் மேலும் ஐம்பது புள்ளி ஏற்றப்பட்டது.

*

வலக்கண் அறுவை இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, டாக்டர் அனுமதித்த பிறகு, சத்தியசீலன் பெரட்டுக்குப் போனார். இடக்கண்ணுக்கு அடுத்த வருடப் புள்ளியைச் சேர்க்க வேண்டுமே.

நாற்பத்திரண்டு படியும் தனித்தனியாகத் தெரிந்தன. கூடத்துக்குள் நுழைந்து வரிசையில் நின்றார். நளினி இத்தனை சின்னப் பெண்ணா என்று வியந்தார். அவள் டேப்லெட்டில் இருந்து தலையைத் தூக்காமல் பெயரை ஆரம்பித்தாள்.

“அற்புதம்!” “அற்புதம்!” “அற்ப்புதம்!”

எண்பத்தாறு பெயர். எண்பத்தாறு அற்புதம்.

சத்தியசீலன் புதுக் கண்ணால் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எண்ணினார். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார்.

முப்பத்தொரு பேர்.

அவர் நிழல்கள் என்று நினைத்திருந்தவை சன்னல் திரைகள். முன்வரிசை அழகம்மா மூன்று குரலில் மூன்று பெயருக்குப் பதில் சொன்னாள். புவனேசன் இரண்டு பெயருக்கு. சுவரோரம் ஒருவர் கையில் துண்டுச் சீட்டு வைத்துப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒருமுறை தன் பெயரையே விட்டுவிட்டு, பக்கத்து ஆள் இடித்ததும் சுதாரித்தார்.

மிச்சம் ஐம்பத்தைந்து பேர் எங்கே என்று சத்தியசீலன் கேட்கவில்லை. பாதிப் பேர் மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள். மீதிப் பேர், ராமையா இருக்கிற இடத்தில்.

“மணியண்ணே,” என்றார் படி இறங்கும்போது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். “நாளையிலேர்ந்து எனக்கும் சேத்துக் குரல் கொடுப்பீங்களா?”

“கொடுத்தா போச்சி. வராம இருக்கிறவனுக்கு வெட்டே விழாது தம்பி. அடுத்த கண்ணு உனக்குத்தான்.”

யோகேஸ்வரியின் டயாலிசிஸை அவர் காலை ஏழு மணி முறைக்கு மாற்றிக்கொண்டார். விடியும் வெளிச்சத்தில் கூலிம் சாலை கழுவிவிட்டதுபோல் இருந்தது. குழியெல்லாம் குழியாகவே தெரிந்தது. பக்கத்து இருக்கையில் யோகேஸ்வரி வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஏழு மணிக்கு நர்ஸ் ஊசியை எடுத்தாள்.

“ஐயோ!” என்றாள் யோகேஸ்வரி, நிலையமே அதிர.

அதே நேரம் சத்தியசீலனின் சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடிகூடப் போடாமல் படிக்க முடிந்தது.

‘வாழ்த்துகள் தம்பி சத்தியசீலன்! இன்று உங்கள் குரலில் இதுவரை இல்லாத தெம்பு. மேலும் பத்துப் புள்ளி.’

“யாரு, மகனா?” என்றாள் யோகேஸ்வரி.

“இல்ல. நான் நல்லா இருக்கேனாம்,” என்றார். “நீ அடுத்த ஊசிக்கும் சத்தமா சொல்லு.”